தேயிலைத் தோட்டத்தில் விளைந்த குடிமையுணர்வு

கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்வோர் தேயிலைச் செடிகளின் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். சூடான தேநீர் அருந்துகின்றனர். காய்கறியும் ஸ்ட்ராபெரிப் பழமும் வாங்கிக்கொண்டு மலையிறங்குகின்றனர். அந்தச் செடிகளை நட்டவர்கள் யார், அவர்கள் இந்நாட்டின் குடிமக்களானது எப்படி என்னும் கேள்விகள் பலருக்கு எழுவதில்லை. கூலி வேலைக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் பொதுக் காரியங்களில் தம் கருத்தைச் சொல்லும் உரிமையைப் படிப்படியாகப் பெற்றனர். அவ்வுரிமை ஒரே நாளில் கிடைத்ததன்று. ஒரு தாளில் கையெழுத்திட்டதால் மட்டும் கிடைத்ததுமன்று. அது வளர்ந்த விதத்தை இப்பகுதி விளக்குகிறது.

மலையும் மக்களும்

கேமரன் மலை, பகாங் மாநிலத்தின் மேற்கு எல்லையில் அமைந்துள்ளது. 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இப்பகுதிக்கு வந்து இம்மேட்டு நிலத்தைப் பற்றிக் குறிப்பெழுதினார். அவருடைய பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. ஆயினும், அவர் வருவதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே செமாய் முதலிய பூர்வக்குடியினர் இக்காடுகளில் வாழ்ந்துவந்தனர். இம்மலையில் மற்ற அனைவரும் பின்னர் வந்தவர்களே.

1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பேராக் மாநிலத்தின் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் மலைச்சாலை 1931இல் முடிவடைந்தது. 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. செங்குத்தான சரிவுகளில் காட்டை அழித்து, மண்ணைத் திருத்தி, கன்றுகளை நட்டு வளர்க்க ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள்.

அக்காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் பணியைக் கங்காணிகள் செய்தனர். கங்காணி தம் சொந்த ஊருக்குத் திரும்பிச் சென்று, உறவினரையும் ஊராரையும் மலாயாவுக்கு அழைத்து வருவார். 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. முதலாளிகள் செலுத்திய பணத்தைக் கொண்டு தொழிலாளர்களின் கப்பல் பயணச் செலவு ஈடுசெய்யப்பட்டது. 1938இல் இந்திய அரசாங்கம் இவ்வாறு உதவி பெற்றுச் செல்லும் பயணத்திற்குத் தடை விதித்தது. அதன் பிறகு கூட்டங்கூட்டமாக ஆட்கள் வருவது நின்றது. ஏற்கெனவே வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே தோட்டத்துச் சமுதாயமாக வேரூன்றினர்.

தோட்ட வாழ்வில் ஓர் இக்கட்டு இருந்தது. அதிகாலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது முதல் மாலையில் கூடையிலுள்ள கொழுந்தை எடை போடுவது வரை எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருந்தன. குடியிருந்த லயத்து வீடும் நிர்வாகத்தினுடையதே. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, மருந்தகம், பள்ளி ஆகியவையும் அவ்வாறே இருந்தன. வேலை போனால் வீடும் போய்விடும். இந்நிலையில் கூலி குறைவு என்றோ கூரை ஒழுகுகிறது என்றோ ஒருவர் தனியாகச் சென்று முறையிடுவது எளிதன்று. தனி ஒருவரின் குறை முணுமுணுப்பாகவே நின்றுவிடும். பலர் ஒன்றுகூடிச் சொன்னால்தான் அது கோரிக்கையாகும். தோட்டத்து மக்கள் கற்ற முதல் குடிமைப் பாடம் இதுதான்.

கூட்டம் கூடக் கற்ற காலம்

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. இதனால் தோட்டந்தோறும் சிறிய தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. பல பள்ளிகளில் ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புகளுக்கும் கற்பித்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால், ஊருக்குக் கடிதம் எழுதுவதும் நிர்வாகத்திற்கு மனு எழுதுவதும் பெரும்பாலும் அவர் பொறுப்பாயின. சட்டம் பள்ளிக்குக் கட்டடத்தைத் தந்தது; அப்பள்ளியை வளர்த்தவர்கள் பெற்றோர்கள். கேமரன் மலையில் தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய ஊர்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன.

கோயிலும் மக்களைக் கூட்டிய இடமே. திருவிழா நடத்த வேண்டுமென்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு வரி தண்ட வேண்டும்; வரவு செலவுக் கணக்கைப் பலர் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். கணக்கில் ஐயம் எழுந்தால் எவரும் எழுந்து கேட்கலாம். நாட்டின் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை கிடைப்பதற்கு முன்பே, கை உயர்த்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் அவரிடம் கணக்குக் கேட்கவும் தோட்டத்து மக்கள் இவ்வாறு பழகினர்.

தொழிற்சங்கம் இப்பழக்கத்தை நாடு முழுமைக்கும் விரித்தது. 1954ஆம் ஆண்டில் பல தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றியவர் பி.பி. நாராயணன். கூலி, வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றை முதலாளிகளோடு மேசையில் அமர்ந்து பேசித் தீர்க்கும் முறை இச்சங்கத்தால் வலுப்பெற்றது. பின்னாளில் அவர் அனைத்துலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராகவும் உயர்ந்தார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரர்களாயினர். அவ்வாறு திரண்ட பணத்தைக் கொண்டு தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலிக்கு வேலை செய்தவர்கள், தாம் வேலை செய்த தோட்டத்துக்கே பங்காளிகளாகலாம் என்பதை இச்சங்கம் காட்டியது.

நீல அட்டையும் சிவப்பு அட்டையும்

சங்கத்திலும் கோயிலிலும் குரல் கொடுத்தவர்களுக்கு நாட்டின் அரசியலில் இடம் கிடைப்பது தாமதமாயிற்று. 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. அதில் வாக்காளர்களாகப் பதிந்தவர்களுள் இந்தியர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. பலரும் அப்போது குடியுரிமை பெறாதவர்கள் என்பதே இதற்கு முக்கியக் காரணம்.

1957இல் நாடு விடுதலை அடைந்தபோது, குடியுரிமை பெறும் வழி விரிந்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தவர்களும் மலாய்மொழியில் அடிப்படை அறிவு உள்ளவர்களும் விண்ணப்பம் செய்யலாம் என்னும் நிலை ஏற்பட்டது. நகரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இச்செய்தி விரைவில் எட்டியது. தோட்டத்தில் வாழ்ந்த பலருக்கோ பிறப்புச் சான்றிதழ் இல்லை; பாரம் நிரப்பத் தெரியவில்லை; அலுவலகத்திற்குச் சென்றால் ஒரு நாள் கூலி போகும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தவர்கள் பலர்.

அவ்வலட்சியத்தின் விலை பின்னர் தெரிந்தது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்னும் சட்டம் 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் அமலுக்கு வந்தது. நீல அடையாள அட்டை குடிமக்களுக்கு உரியது. சிவப்பு அடையாள அட்டை நிரந்தரவாசிகளுக்கு உரியது. பல ஆண்டுகள் உழைத்திருந்தும் சிவப்பு அட்டையோடு இருந்த தோட்டத் தொழிலாளர்கள் பலர் வேலையை இழந்தனர். பல்லாயிரம் பேர் தமிழகத்திற்குக் கப்பலேறினர். ஒரே குடும்பத்தில் சிலர் இங்கும் சிலர் அங்குமாகப் பிரிந்த நிலையும் ஏற்பட்டது. எஞ்சியவர்களுள் சிலர் வாழ்நாள் முழுவதும் சிவப்பு அட்டையுடனே இருந்தனர். அவர்கள் வரி செலுத்தலாம், உழைக்கலாம், ஆனால், வாக்களிக்க இயலாது.

இதே காலத்தில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாகச் சென்றவர்களே தேயிலை பயிரிட்டனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். ஆனால், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மலையகத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்யப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றவர்களின் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டில்தான் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களுக்கு இருந்த வாக்கைச் சட்டம் பறித்தது. மலாயாத் தமிழர்களுக்கோ வாய்ப்பு இருந்தும் ஆவணம் இல்லாததாலும் செய்தி எட்டாததாலும் பலர் அதை இழந்தனர். குடியுரிமையைப் பெறுவதிலும் காப்பதிலும் விழிப்பு வேண்டும் என்பதை இரண்டு வரலாறுகளும் உணர்த்துகின்றன.

ஒரு வாக்கின் மதிப்பு

நெடுங்காலம் கேமரன் மலைக்குத் தனி நாடாளுமன்றத் தொகுதி இல்லை. 2004ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான் கேமரன் மலை தனித் தொகுதியாயிற்று. மலைப்பகுதியோடு ஜெலாய்ப் பகுதியும் இதில் அடங்கும். மலாய்க்காரர்கள், சீனர்கள், இந்தியர்கள், பூர்வக்குடியினர் ஆகிய நான்கு தரப்பினரும் கணிசமாக வாழும் தொகுதி இது. எந்த ஓர் இனத்தாரும் தனித்து நின்று வெற்றியைத் தீர்மானிக்க இயலாது.

இத்தொகுதியில் 2013ஆம் ஆண்டில் வெற்றி பெற்றவருக்குக் கிடைத்த பெரும்பான்மை 462 வாக்குகள். 2018இல் அது 597. சில தோட்டங்களில் உள்ள வாக்காளர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் முடிவு மாறக்கூடும் என்னும் அளவுக்கு இவை சிறிய எண்ணிக்கைகள். 'என் ஒருவன் வாக்கினால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்பவர்களுக்கு இவ்வெண்களே விடை.

2018ஆம் ஆண்டுத் தேர்தலின் முடிவு நிலைக்கவில்லை. வாக்காளர்களைக் கவரக் கையூட்டு வழங்கப்பட்டதாகக் கண்டறிந்த தேர்தல் நீதிமன்றம், அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் அவ்வெற்றி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 26ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்ற ரம்லி முகமட் நோர், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வக்குடி உறுப்பினர் ஆனார். மலையில் மிகப் பழைய காலத்திலிருந்தே வாழ்ந்த மக்கள், நாடாளுமன்றத்தில் தம்முள் ஒருவரைக் காண விடுதலைக்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். கையேந்திப் பெறும் பணம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். விற்ற வாக்கைத் திரும்பப் பெற ஐந்தாண்டுகள் ஆகும். இந்த உண்மை எல்லா இனத்தாருக்கும் பொதுவானது.

வாக்குச்சாவடிக்கு அப்பால்

தேர்தல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. குப்பை அள்ளுவதோ தெருவிளக்கு எரிவதோ ஆற்றில் சேறு கலப்பதோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. இவை மாவட்ட மன்றத்தின் பொறுப்பில் உள்ளவை. ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டன. அதனால், கேமரன் மலை மாவட்ட மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. அப்படியானால் மக்கள் பேசுவதற்கு வழி இல்லையா? வழி உண்டு. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, தனிப்பட்ட தீர்மானம் இல்லாதபோது மன்றக் கூட்டங்களைப் பொதுமக்கள் சென்று பார்க்கலாம். நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒரு மாவட்டத்தின் நிலப்பயன்பாட்டுத் திட்ட வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். உடன்படாதவர்கள் எழுத்து வழி எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எந்தச் சரிவு காடாக இருக்க வேண்டும், எது தோட்டமாகலாம், எங்கே கட்டடம் எழலாம் என்பன அத்திட்டத்தில்தான் முடிவாகின்றன.

இவ்வுரிமைகளைப் பயன்படுத்துவது கேமரன் மலையில் உயிர் காக்கும் காரியமாகும். சரிவுகளில் காடு அழிந்தால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறது. ஆறுகள் மேடாகின்றன, ரிங்லெட்டில் உள்ள நீர்த்தேக்கத்தில் வண்டல் படிகிறது. 2013 அக்டோபரில் அந்நீர்த்தேக்கத்தின் அணை திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. 2014 நவம்பரில் மண்சரிவும் சேற்று வெள்ளமும் மீண்டும் தாக்கின. இரண்டு முறையும் உயிர்கள் பலியாயின. அந்த வெள்ளம் எவருடைய அடையாள அட்டையின் நிறத்தையும் பார்க்கவில்லை.

இத்தகைய சீர்கேடுகளைத் தடுக்க எண்ணிய உள்ளூர் மக்கள் 2001ஆம் ஆண்டிலேயே ரீச் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பை உருவாக்கினர். பல இனத்தாரும் அதில் சேர்ந்து பணியாற்றுகின்றனர். காடழிந்த இடங்களில் மரக்கன்று நடுதல், ஆற்றுநீரின் தரத்தைக் கவனித்தல், சட்டத்திற்குப் புறம்பான நிலச் சீரமைப்பைப் பற்றி அதிகாரிகளுக்கும் நாளிதழ்களுக்கும் தெரிவித்தல் ஆகியவை அவர்களின் பணிகள். அவர்கள் எப்பதவியிலும் இல்லை. தாம் வாழும் இடத்தைக் கவனித்துப் பார்த்து, பார்த்ததைத் துணிந்து சொல்கின்றனர்.

பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இத்தகைய களமே. தோட்டத்து இளைஞர்கள் பலர் மேற்கல்விக்கும் வேலைக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளின் எதிர்காலம் கேள்விக்குறியாகிறது. சாலை, பேருந்து வசதி, பள்ளிக் கட்டடம் ஆகியவை குறித்து ஆண்டுக் கூட்டத்தில் பேசித் தீர்மானம் நிறைவேற்றுவதும், அதனைக் கல்வி அலுவலகத்திற்கு அனுப்பிப் பதில் வரும்வரை தொடர்ந்து கேட்பதும் பெற்றோரின் கடமை. ஆண்டுக் கூட்டத்துக்குப் போதுமானோர் வராததால் கூட்டம் தள்ளிவைக்கப்படும் சங்கங்கள் எத்தனையோ உள்ளன. முன்னோர் அரும்பாடுபட்டுப் பெற்ற இடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடப்பது வருந்தத்தக்கது.

இன்று வந்தவர்கள்

இன்று தேயிலைச் சரிவுகளில் கொழுந்து வெட்டுவோருள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். குடும்பத்தை ஊரில் விட்டு வந்திருக்கின்றனர். மொழி புரியாத இடத்தில் உழைக்கின்றனர். சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்புகின்றனர். நம் பாட்டன்மார்கள் நின்ற அதே இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

அவர்களுக்கு இந்நாட்டில் வாக்குரிமை இல்லை. ஆனால், உரிமையே இல்லை என்று எண்ணுவது தவறு. 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் அவர்களுக்கும் பொருந்தும். 2019ஆம் ஆண்டிலிருந்து அவர்கள் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பின் கீழ் உள்ளனர். வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறலாம். அவர்கள் தொழிற்சங்கத்திலும் உறுப்பினராகலாம். எனினும், சட்டத்தில் உள்ள உரிமை, அதைப் பற்றி அறிந்தவருக்கே பயன்படும். முன்பு தமிழாசிரியர் தோட்டத்து மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்ததைப் போல, இன்று அவர்களுக்கு விளக்கிச் சொல்லவும் வழிகாட்டவும் நாம் கடமைப்பட்டுள்ளோம். நேற்று வந்தவர் என்று நம் முன்னோரை ஒதுக்கியவர்கள் இருந்தனர். அதே சொல்லை நாம் பிறர்மீது வீசுதல் ஆகாது.

மாணவர்களே, 2019ஆம் ஆண்டில் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. 2021 டிசம்பர் 15ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறைந்த குடிமக்கள் இப்போது தாமாகவே வாக்காளர்களாகப் பதிவு செய்யப்படுகின்றனர். உங்கள் கொள்ளுப்பாட்டி ஒரு நாள் கூலியை இழந்து, அலுவலகத்தில் வரிசையில் நின்று கேட்டது உங்களுக்கு ஒரு பிறந்த நாளிலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால், கூட்டத்தில் எழுந்து பேசும் துணிவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்கும் பண்பும், கணக்குக் கேட்கும் பழக்கமும் எந்த அலுவலகமும் பதிவு செய்து தருவன அல்ல. வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதும், கழகக் கூட்டத்தில் குறிப்பெழுதும்போதும், பள்ளிக் கூட்டுறவுக் கடையின் ஆண்டறிக்கையை வாசிக்கும்போதும் அவற்றைப் பழகத் தொடங்கலாம். தோட்டத்து மக்கள் கோயில் முற்றத்தில் பழகத் தொடங்கியதும் அப்படித்தான்.

கருத்துணர் வினாக்கள்

1. தோட்டத் தொழிலாளர் ஒருவர் தனியாகத் தம் குறையைச் சொல்வது ஏன் கடினமாக இருந்தது?

2. வாக்குரிமை பெறும் முன்பே தோட்டத்து மக்கள் குடிமைப் பழக்கங்களை எவ்வெவ்விடங்களில் கற்றனர்?

3. மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டத் தமிழர்கள் குடியுரிமை தொடர்பாக எதிர்நோக்கிய சிக்கல்களின் வேறுபாடு யாது?

4. கேமரன் மலைத் தொகுதியின் தேர்தல் முடிவுகளிலிருந்து நீ அறியும் இரண்டு கருத்துகளை எழுதுக.

5. உன் வட்டாரத்தில் உள்ள ஒரு பொதுச் சிக்கலைத் தேர்ந்தெடுத்து, அதனைக் களைய வேண்டி மாவட்ட மன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதுக.

6. 'வெளிநாட்டுத் தொழிலாளர்களும் நம் வட்டாரத்தின் ஒரு பகுதியினரே.' இக்கூற்றைக் குழுவில் கலந்துரையாடுக.